லடாக்கில் என் மச்சினன் எடுத்த மூச்சு

லடாக் போய்வந்த நாட்குறிப்பில் ஆறு வரிகளைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணி எழுதுவது என் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு கப்பல் கணக்கில்கூட ஆறு வரி அடித்ததில்லை. காரணம் என் மனைவியின் தம்பி.

அவன் சங்குகுளிக்காரன். இப்போது குழாய் வழியாகக் காற்று வாங்கித்தான் கடலுக்குள் இறங்குகிறான் என்றாலும், ஆரம்பத்தில் பழகியது மூச்சடக்கி. மலைமேல் உப்புத்தண்ணீர் ஏரி இருக்கிறது என்று யாரோ படகில் சொல்லிவிட்டார்கள். பார்த்தே தீருவேன் என்றான். "அவன் ஒருத்தன் பேச்சையும் கேக்க மாட்டான், நீங்க கூடப் போய்ப் பத்திரமாக் கொண்டாங்க" என்று என் மனைவி என்னை அனுப்பினாள்.

கிளம்புமுன் டாக்டரைப் பார்த்தோம். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறைவு, உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும் என்றார். விமானத்தில் நேரே லே நகரில் இறங்குவதால் முதல் இரண்டு நாள் ஓய்வு. மது கூடாது. தலைவலி, குமட்டல் இருந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. நடை தடுமாறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். மாத்திரையும் எழுதித் தந்தார். எல்லாவற்றையும் நான் எண் போட்டுக் குறித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவன் சிரித்தான்.

"அத்தான், பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துல மூச்சில்லாம நின்னவன் நான். எனக்கு இவரு மூச்சு விடச் சொல்லிக் குடுக்காரு."

"ஏலே மாப்ள, அது ரெண்டு நிமிஷம். அங்க ராப்பகலா அதே காத்துதான்."

"எல்லாம் மூச்சுதான?"

மாத்திரையை ஒன்றோடு நிறுத்திவிட்டான், விரல் சுருசுருக்கிறதாம். லேயில் இறங்கிய அன்றே, நான் முகம் கழுவி வருவதற்குள் கடைவீதி மேட்டில் ஏறிப் போய்விட்டான். படுத்துக் கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என்னிடமே கேட்டான்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை இருவர் விரலிலும் காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு மணிக்கு மாட்டி எண்ணை எழுதுவது. எனக்கு எண்பத்தாறு, எண்பத்தேழு. அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. இரண்டாம் நாள் மாலை மட்டும் எழுபத்தாறு காட்டியது. கருவிக் கோளாறு என்று பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. அதையே எழுதினேன்.

"யாருக்கு நோவுன்னு இப்ப சொல்லுங்க, அத்தான்" என்றான். தலை வலித்துக் கிடந்தவன் நான்.

மூன்றாம் நாள் எனக்கு வலி விட்டிருந்தது. அவன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அதையும் எழுதினேன். ஆனால் எண் தொண்ணூற்று மூன்று. ஏரிக்குக் கார் ஏறினோம்.

கணவாய்க்குக் கீழே ஒரு தேநீர்க் கடையில் வண்டி நின்றது. அவன் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பாமல் விரலில் மாட்டினேன். அறுபத்து மூன்று. என் விரலில் எண்பது. மறுபடி அவன் விரலில் அறுபத்து மூன்றுதான். உலுக்கினேன்.

"இருங்க அத்தான், இருங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு நிமிர ஏழெட்டு மூச்சு வேகவேகமாக இழுத்துவிட்டான். எண்பத்து நான்கு. "பாத்தீங்களா?"

"எப்பவும் இப்படிச் செஞ்சுட்டுத்தான் விரலை நீட்டுனியா?"

"பின்ன? மூச்சு எடுக்காமத் தண்ணியில எவன் எறங்குவான்?"

அவன் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோதனை என்றால் தயாராகிக்கொண்டு நிற்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறான்.

"தலை வலிக்கா?"

"வந்த அன்னைல இருந்து. எண்ணு நல்லாத்தான இருக்கு?"

இறங்கி நேராக நடக்கச் சொன்னேன். ஆடுகிற படகின் விளிம்பில் நடக்கிறவன், மூன்றாவது அடியில் தள்ளாடிக் கார்க் கதவைப் பிடித்தான். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"இவ்வளவு கிட்ட வந்துட்டு? உப்பா இல்லையான்னு நாக்குல வச்சாவது பாக்கணும் அத்தான்!"

"உப்பு வேணும்னா ஊர்ல அளம் அளமாக் கெடக்கு, நக்கு. ஒன் அக்காகிட்ட நான் என்னத்தச் சொல்ல? ஏறுல வண்டியில."

லே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டார்கள். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது, மேலே போயிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர். தடுமாற்றம் நின்ற பிறகு விமானத்தில் அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்து, அவன் உடம்பு தேறியதும், நாட்குறிப்பை முன்னால் வைத்தேன். எங்கள் துறைமுக வழக்கப்படி தப்பை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தப்புக்குக் காரணமானவனின் கையெழுத்தை வாங்க வேண்டும். புலம்பிக்கொண்டே போட்டான். ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

"இது ரெண்டாம் நாள் சாயங்காலம்லா? அப்ப மொதல்ல எழுபத்தாறு காட்டுச்சே. மூச்சு எடுக்கக்கூடத் தெம்பு இல்லாம சும்மா விரலை நீட்டுனேன். அது ஒண்ணுதான் நெசம். அத எங்க?"

அதை நான் எழுதவே இல்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்து என்னுடையது.