பார்ப்பதைக் கேட்கும் விமானமும் சூசையண்ணையும்

சூசையண்ணை போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். முதலில் டேனிஷில் சொன்னாள். நான் திரும்பக் கேட்கவே, விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் மெதுவாக, "அப்பா இண்டைக்குக் காலமை போட்டார், அன்ரி" என்றாள். பிராண்டே நகருக்குப் போகும் வீதியில் காரை ஓரங்கட்டினேன்.

நம் தேவாலயத்துக்கு வரும் உங்களில் பலருக்கு அவர் பூசையில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிற மனிதர். நான் முதலில் கண்ட சூசையண்ணை வேறு. எண்பதுகளின் நடுவில், இங்கே டென்மார்க்கில் அகதிகளைத் தங்கவைத்திருந்த விடுதியில் நான் மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டிருந்தேன். அவருடைய அறையில் பட்டப்பகலிலும் திரைச்சீலை மூடியே கிடக்கும். காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அவர் கதைப்பது கேட்கும். ஏன் இப்படி இருட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கடலிலை விளக்கை அணைச்சு, எஞ்சினையும் நிப்பாட்டிப்போட்டு மூச்சுக்காட்டாமல் இருந்தனாங்கள். பிறகும் நேவிக்காரன் நேர எங்களிட்டை வந்தவன், பிள்ளை" என்றார்.

மன்னாரிலுள்ள பேசாலையிலிருந்து அக்கரைக்கு, இந்தியாவுக்கு, ஆட்களை ஏற்றிப்போன படகு அது. கடற்படைப் படகின் ராடார் அதைக் கண்டுபிடித்துவிட்டது. சுட்டதில் அவருடைய தம்பி மரியதாஸ் செத்துப்போனான். சூசையண்ணை நீந்தித் தப்பினார்.

அந்தக் கோடையில் ஒரு விமானத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். விடுதியிலிருந்து எங்களையும் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த அமெரிக்க விமானம் ஒன்று, இறக்கைகளை மடித்தபடி ஓரத்தில் நின்றது. நான்கு பேர் இருக்கும் விமானம். கண்ணாடியில் மெல்லிய தங்கப்பூச்சு. எட்டிப் பார்த்தபோது எங்கள் முகங்கள்தான் மஞ்சளாகத் தெரிந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"துவக்கு எங்கை எண்டு கேளுங்கோ" என்றார் சூசையண்ணை.

பக்கத்தில் நின்ற அமெரிக்கப் படையாள், அதில் துவக்கும் இல்லை, குண்டும் இல்லை என்று சொன்னான். எதிரியின் ராடாரைக் குருடாக்குவதுதான் இதன் வேலை. ஒருவர் ஓட்ட, மற்ற மூவரும் அந்தக் குருடாக்கும் வேலையைச் செய்வார்கள். இறக்கையின் கீழே தொங்கிய உருளைகளிலிருந்து வரும் அலைகள் ராடார் திரையை இரைச்சலால் நிரப்பிவிடும். தன் அலைகளிலிருந்து தன் ஆட்களையே காப்பாற்றத்தான் அந்தத் தங்கப்பூச்சாம். வாலின் உச்சியில் வீங்கியிருந்த பகுதியைக் காட்டி, "இது காது. எங்களை ஒருவன் ராடாரால் தேடினால், அவன் எங்களைக் காணுமுன் அவன் தேடுவது எங்களுக்குக் கேட்டுவிடும்" என்றான்.

"பாக்கிறது கேட்குமோ?" என்று சூசையண்ணை என்னைக் கேட்டார். பிறகு, "கண் போனவனுக்குத் தெரியுமோ, தனக்குக் கண் போயிட்டுது எண்டு?"

"தெரியும். யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும். எங்கே என்றுதான் தெரியாது" என்றான் அந்தப் படையாள், நான் மொழிபெயர்த்துக் கேட்டதும்.

ஒவ்வொரு உருளையின் மூக்கிலும் மின்சாரம் எடுக்க ஒரு சிறு காற்றாடி இருந்தது. ஆளில்லாத அந்த விமானத்தில் அவை மட்டும் காற்றுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. சூசையண்ணை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில், "இப்பிடி ஒண்டு அண்டைக்கு எங்களுக்கு மேலாலை பறந்திருந்தால் மரியதாஸ் இருந்திருப்பான்" என்றார். அதன்பின் அந்த விமானத்தைப் பற்றி, ஒரு புனிதரைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைப்பார்.

அடுத்த ஆண்டு வதிவிட அனுமதி கிடைத்து, மேற்குக் கரையில் நீல்ஸ் என்ற டேனிஷ்காரரின் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு காலை, கையை நீட்டினால் விரல் தெரியாத பனிப்புகார். ராடாரை நம்பித்தான் படகு போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரையின் ஒரு பக்கத்திலிருந்து விசிறிபோல ஒளிக்கோடுகள் விரிந்தன. சற்று நேரத்தில் திரை முழுவதும் ஒளியால் நிறைந்துவிட்டது. கருவி பழுதாகியிருந்தால் இருண்டிருக்கும், இது இருளவில்லை என்பதுதான் நீல்ஸைப் பயப்படுத்தியது. புகாருக்கு மேலே எங்கோ ஜெட் சத்தம் கேட்டதாக இருவருமே சொன்னார்கள். அந்த நாட்களில் வடகடலில் போர்ப்பயிற்சி நடந்தது உண்மை. நாங்கள் பார்த்த அந்த விமானம்தானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"எனக்குச் சந்தோசமாயிருந்தது, பிள்ளை. ஒருத்தராலையும் எங்களைக் காணேலாது. அப்பிடியே இருந்துவிட விருப்பமாயிருந்தது. பக்கத்திலை ஆரோ நிக்கிறமாதிரியும் இருந்தது. நான் திரும்பிப் பாக்கேல்லை" என்று பிறகு என்னிடம் சொன்னார் சூசையண்ணை.

அப்போதுதான் ஒரு பெரிய கப்பலின் எஞ்சின் சத்தம் கேட்டது. எந்தப் பக்கமென்று பிடிபடவில்லை. நீல்ஸ் ஊதிய ஊதுகுழலின் சத்தம் புகாருக்குள் அமுங்கிப்போனது. சூசையண்ணை ஓர் இரும்பு மூடியைத் தூக்கிப் படகின் விளிம்பில் அடித்து அடித்து, "ஆள் இருக்கு, இஞ்சை ஆள் இருக்கு" என்று தமிழில் கத்தினார். இந்த மனிதனுக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததே தனக்குத் தெரியாது என்று நீல்ஸ் பிறகு என்னிடம் சொன்னார். குரல் வந்த திசையை விட்டுக் கப்பல் விலகியது. துருப்பிடித்த சுவர் ஒன்று அவர்களை உரசுமாப்போல் வழுக்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே தெளிந்தது.

"ஏன் அண்ணை தமிழிலை கத்தினீங்கள்? கப்பல்காரனுக்கு விளங்காதே" என்று கேட்டேன்.

"கப்பல்காரனுக்குக் கத்தினது எண்டு ஆர் சொன்னது?" என்றார். பிறகு, "பக்கத்திலை நிண்டவன் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், பிள்ளை. நான் இஞ்சைதான் இருக்கிறன், வரமாட்டன் எண்டு அவனுக்குத்தான் சொன்னனான்" என்றார்.

அதன்பின் அவர் அந்த விமானத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. திரைச்சீலைகளையும் மூடியதில்லை.

அன்று பக்கத்தில் நின்றது மரியதாஸா என்று நான் அவரை மேலும் கேட்கவில்லை. அதற்கு விளக்கமும் தேடவில்லை. நான் இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கண் தெரியாதவர்களின் அறைக்குள் ஓசைப்படாமல் போவதில்லை. வாசலில் நின்று, ஆள் வந்திருக்கு என்று சத்தமாகச் சொல்லி, அவர்கள் என் பக்கம் முகத்தைத் திருப்பும்வரை பொறுத்திருப்பேன். சூசையண்ணையிடமிருந்து எனக்கு வந்தது இது.