மிசாவோ திருப்பித் தராத கறுப்புக் கோட்டு

சலவைக்கடை மிசாவோவுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். எதிரெதிர்க் கடை எங்களுடையது. நான் கறிக்கடைக்காரன், பொரித்த பண்டமும் போடுவேன். காலையில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதிலிருந்து சாயங்காலம் கடைசி உருளைக்கிழங்குக் கொரொக்கேயைப் பொரித்தெடுக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். எண்ணெய் கொதிப்பது நின்றாலும் இந்த மனுஷன் கொதிப்பது நிற்காது என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மிசாவோ நேர்மாறு. "வாங்க", "சரிங்க", "செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்குங்க". இந்த மூன்றை வைத்துக்கொண்டே அவள் கடையை ஓட்டினாள். புருஷன் இருந்தபோது பேச்செல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். அவன் போன பிறகு பேச்சில்லாமலே வியாபாரம் நடந்தது. ஏனென்றால் அவள் செவ்வாய் என்றால் செவ்வாய்தான். புயலடித்து ரயில் நின்ற நாளில்கூடத் துணி தயாராகத் தொங்கும்.

எங்கள் கடைத்தெரு ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் தொடங்கிப் பேருந்துப் பணிமனையில் முடிகிறது. காலையில் டோக்கியோவுக்கு ஓடுகிற கூட்டம், சாயங்காலம் அங்கிருந்து சோர்ந்து வருகிற கூட்டம். வானத்தைப் பார்த்துப் பருவம் அறிய இங்கே யாருக்கு நேரம்? வியாபாரிகள் சங்கம் விளக்குக் கம்பங்களில் பிளாஸ்டிக் செர்ரிப் பூக்களைக் கட்டினால் வசந்தம். அதைக் கழற்றிச் சிவப்பு மேப்பிள் இலையைக் கட்டினால் இலையுதிர் காலம். சீனச் சாப்பாட்டுக் கடையில் 'குளிர் நூடுல்ஸ் ஆரம்பம்' என்று கொடி தொங்கினால் கோடை வந்துவிட்டது என்று பொருள், அன்று குளிரில் பல் கிட்டினாலும் சரி.

என்னைக் கேட்டால், அசல் நாட்காட்டி மிசாவோவின் வாசல்தான். ஜூன் பிறந்தால் ஊரின் குளிர்கால உடுப்பெல்லாம் மூட்டை மூட்டையாக உள்ளே போகும். அக்டோபரில் பிளாஸ்டிக் உறை போட்டு வெளியே வரும். வாசலுக்கு நேர் மேலே தகைவிலான் குருவிகள் வருஷா வருஷம் வந்து கூடு கட்டும். வெளுத்த சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர் தலைக்கு மேலே குருவிக் கூடு! சலவைக்கடைக்கு இதைவிடச் சோதனை உண்டா? மிசாவோ ஒரு பழைய குடையைத் தலைகீழாகக் கட்டி எச்சத்தை அதில் பிடித்தாள். கூட்டில் கை வைக்க விடவில்லை. குருவி கூடு கட்டிய கடைக்குக் கெடுதல் வராது என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம். அவள் நிஜமாகவே நம்பினாள். அவளுடைய சங்கதியே அதுதான், நாங்கள் வாயளவில் சொல்வதை அவள் நெஞ்சோடு வைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஜூனில் மழைக்காலம் ஆரம்பித்த வாரத்தில் ஹமானோ வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சீருடையிலேயே இருந்ததால் உடுப்பு விஷயத்தில் மனுஷன் பச்சைக் குழந்தை. அவர் மனைவி இகுயோ பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டியவள். அவள் வீட்டில் அவரைத் திட்டினால் என் கடையில் மாமிசம் நறுக்குகிற கத்தி நிற்கும். "செருப்ப மாத்திப் போட்டுட்டு எங்கய்யா கெளம்பிட்டீரு?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும். அதற்கு ஹமானோவின் பதில் எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: "சரி, சரி, கத்தாத." ஏப்ரலிலிருந்து இகுயோ மருத்துவமனையில். தெருவே அமைதியாகிவிட்டது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அவர் கொண்டுவந்த மூட்டையில் இரண்டு கம்பளி ஸ்வெட்டர், ஒரு மேல்கோட்டு. அடியில் கறுப்புக் கோட்டும் காற்சட்டையும். நான் கொரொக்கே கொடுக்கிற சாக்கில் தெருவைத் தாண்டி வந்து நின்றுகொண்டேன்.

மிசாவோ கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இகுயோதான் குடுத்துட்டு வரச் சொன்னா, மிசாவோ-சான்" என்றார் ஹமானோ. "பீரோவுல பூசணம் பிடிச்சிருக்குமாம். அவசரத்துக்கு எடுத்தா நாறும்னு..."

"செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்றாள் மிசாவோ. அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். வீட்டில் ஒருவர் நோயோடு படுத்திருக்கும்போது துக்க உடையை யாரும் தொட்டுத் தயார் பண்ணி வைக்க மாட்டோம். போவதற்கு நாள் பார்த்துக் காத்திருந்த மாதிரி ஆகிவிடும். சாவு விழுந்த அன்று சாயங்காலம் போகும்போதுகூட, கையில் கிடைத்த கறுத்த துணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். முறையான கறுப்பெல்லாம் மறுநாள் சடங்குக்குத்தான். மிசாவோவின் புருஷன் மருத்துவமனையில் இருந்த சமயம், ஒரு மத்தியானம் கடையில் வேலை இல்லை. இஸ்திரிப்பெட்டி சூடாக இருக்கிறதே என்று தன்னுடைய கறுப்பு உடையைக் கையோடு கையாகத் தேய்த்து மாட்டினாள். அன்று சாயங்காலமே அவன் போய்விட்டான். தற்செயல் என்று ஊரே சொன்னது. நானும் தொண்டை வறளச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹமானோ வந்தார். "மழைங்க, காயல" என்றாள். அடுத்த வாரம், "பொத்தான் ஒண்ணு விட்டிருக்கு, அதே மாதிரி கிடைக்கல." அதற்கடுத்து, "காலர்ல ஒரு கறை, போக மாட்டேங்குது." கறுப்புக் கோட்டில் என்ன கறை, கறுப்புக் கறையா? சிக்னலில் பச்சை விழக் காத்திருந்தே பழகிய மனுஷன், குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போவார்.

தெரு சும்மா இருக்குமா? மிசாவோவுக்கு வயசாகிவிட்டது, துணியைத் தொலைத்துவிட்டாள், கருக்கிவிட்டாள் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். நிலைய வாசலில் பளபளவென்று புதுச் சலவைக்கடை ஒன்று வேறு திறந்திருந்தது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் தருவார்களாம். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அங்கே போனதை நான் பார்த்தேன். மிசாவோவும் பார்த்தாள். அவளுக்கு இருந்த ஒரே சொத்து, சொன்ன நாளில் தருகிறவள் என்கிற பேர்தான். அதைத்தான் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஓஸ்மாந்தஸ் பூ வாசனை தெருவெல்லாம் வந்தது. குருவிகள் போய்விட்டிருந்தன, மிசாவோ குடையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, அந்தக் கோட்ட இன்னும் பழைய பயத்துலயா வெச்சிருக்க? ஊரு சிரிக்குது. குடுத்துத் தொலையேன்."

அவள் குடையைக் கீழே வைத்தாள். "டாக்டர் இகுயோ கோடையத் தாண்ட மாட்டான்னாரு" என்றாள். "தாண்டிட்டா. அந்தக் கோட்டு அழுக்கா இங்க தொங்குற வரைக்கும் அங்க அவ இருப்பா. நான் தேய்ச்சா போயிருவா, கறிக்கடை. மறுபடியும் என் கையால ஒருத்தர் போகக் கூடாது."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கேலி பண்ண வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நீங்களா சும்மா வந்தீங்க?" என்று அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டிசம்பர் கடைசி. மண்ணெண்ணெய் வண்டி பாட்டைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் போகிறது. புத்தாண்டுக்குப் பன்றிக்கறி வாங்க என் கடையில் வரிசை. அந்த வரிசையைப் பிளந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ளியவர் ஹமானோ. உட்கார்ந்திருந்தது இகுயோ. புத்தாண்டுக்கு நாலு நாள் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். பாதியாகக் கரைந்துபோயிருந்தாள். ஐயோ, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"கறிக்கடை! கொரொக்கே ஏன் இத்தினியூண்டு ஆயிடுச்சு? நான் இல்லேன்னு ஊர ஏமாத்துறியா?"

வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் கண் கரித்தது. நாற்காலி நேராகச் சலவைக்கடைக்குப் போனது. கத்தியை மனைவி கையில் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். திட்ட நினைப்பவர்கள் திட்டிக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் மாமிசம் நறுக்க என்னால் ஆகாது.

"மிசாவோ, எங்க அந்தக் கோட்டு?"

மிசாவோ தரையைப் பார்த்தாள். "கறை..."

"கறையுமில்ல, கத்திரிக்காயுமில்ல. எனக்கு எல்லாம் தெரியும். நான் போற தேதி உன் இஸ்திரிப்பெட்டியிலயா இருக்கு? மருந்து சாப்பிடுறது நானு. ஊசி குத்திக்கிறது நானு. உயிரோட வெச்சிருக்குற பேரு மட்டும் இந்தக் கோட்டுக்கா?"

இகுயோ மூச்சு வாங்கினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"இங்க பாரு. எங்க அப்பா செத்தப்போ இந்த மனுஷன் எப்படி வந்து நின்னாரு தெரியுமா? கறுப்புக் கோட்டு, அதுக்கு வெள்ளை டை. கல்யாணத்துக்குக் கட்டுற வெள்ளை டை! வந்தவனெல்லாம் பொணத்த விட்டுட்டு இவரத்தான் பாத்தான். முப்பது வருஷமா அத நெனச்சு நெனச்சுத் திட்டிட்டு இருக்கேன். எனக்கு இவரு ஒழுங்கா நிக்கணும். நான் எழுந்து வந்து டைய மாத்திவிட முடியாதுல்ல?"

"சரி, சரி, கத்தாத" என்றார் ஹமானோ, நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மிசாவோ உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்தாள். இகுயோவின் கண் முன்னாலேயே பூசணம் துடைத்து, ஆவி காட்டி, தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணீர் கோட்டின் மேல் விழுந்தது, அதையும் சேர்த்துத் தேய்த்தாள். "தோள்பட்டை... அங்க இன்னும் ஒரு இழுப்பு" என்று இகுயோ வேலை வாங்கினாள். முடிந்ததும் தன் மடியிலிருந்து ஒரு புதுக் கறுப்பு டையை எடுத்து நீட்டினாள். "இவரு கையில குடுக்காத. உள்பாக்கெட்டுல வையி. அன்னிக்கு நீ பாத்துக்கோ." மிசாவோ வைத்தாள். கோட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் போனதும் கடையின் இரும்புக் கதவை இறக்கிவிட்டாள். வருஷக் கடைசியில், பட்டப்பகலில், மிசாவோ கடையை மூடியதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் இகுயோ போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மிசாவோ காலையில் கதவைத் தூக்கியதும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் "ஒண்ணும் இல்லம்மா, இருக்கா" என்று கையைக் காட்டுவேன். ஜனவரி போய்ப் பிப்ரவரியும் போனது. மிசாவோவின் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன்.

கம்பங்களில் பிளாஸ்டிக் செர்ரிப் பூக்களைக் கட்டிக்கொண்டிருந்த வாரம் இகுயோ காலமானாள். மிசாவோ அழுதாள். ஆனால் இந்தத் தடவை தன் கையைப் பார்த்துக்கொண்டு அழவில்லை.

மறுநாள் சடங்கு மண்டபத்துக்கு நானும் மிசாவோவும் சேர்ந்து போனோம். சாமந்திப் பூக்களுக்கு நடுவில் இகுயோவின் படம், இப்போது வாயைத் திறக்கப் போகிறவள் மாதிரி. கீழே பெட்டி. பக்கத்தில் ஹமானோ. கோட்டு கத்தி மாதிரி மடிப்போடு, ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. கழுத்தில் பளிச்சென்று வெள்ளை டை.

உறவுக்காரர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. நான் பாய்ந்து போய் அவர் காதில் சொன்னேன்: "ஹமானோ-சான், டை! டையப் பாருங்க! கறுப்பு டை உள்பாக்கெட்டுல இருக்கு!"

"தெரியும், கறிக்கடை" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுதான் கட்டினேன். இதப் பாத்தா பொறுக்காம எழுந்து ஒரு தடவை திட்டிருவாளோன்னு பாத்தேன். காலையிலருந்து நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா."

என் பின்னால் நின்ற மிசாவோவுக்கும் இது கேட்டிருந்தது. அவள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். ஹமானோவின் வெள்ளை டையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினாள்.

"அறிவிருக்காய்யா உமக்கு?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது.

"எத்தன தடவ சொல்றது? முப்பது வருஷமா சொல்லியும் மண்டையில ஏறலையா? நாலு பேர் முன்னாடி இப்படியா வந்து நிப்பீரு? தலைய நிமித்துங்க! ஆடாம நில்லுங்க!"

கத்திக்கொண்டே உள்பாக்கெட்டிலிருந்து கறுப்பு டையை எடுத்தாள். காலரைத் தூக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இறுக்கி, கையால் நீவி விட்டாள். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் கொஞ்சமும் உடையவில்லை.

ஹமானோ குழந்தை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். பெட்டியைப் பார்த்தார், மிசாவோவைப் பார்த்தார்.

"சரி, சரி" என்றார். "கத்தாத."