இரண்டு விரல் கிளட்ச்

என் தங்கையை வீட்டில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியாக இருந்ததால் வைத்த பெயர். அவள் பேச ஆரம்பித்த பிறகு இரண்டாவது காரணமும் கிடைத்தது. நான் தையல்காரன், அவள் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவள். என் கடையின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. எந்த மெஷினைக் கொடுத்தாலும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காதைச் சாய்ப்பாள். கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். அண்ணன் என்பதற்காக நான் சொல்லவில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணன் என்பதால் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவளிடம் அவளைவிட வயதில் மூத்த மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. பழைய இரும்புக்கடையில் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு திருகாகத் துடைத்து உயிர் கொடுத்தாள். கருவிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில்தான் வீடு வீடாக மெஷின் பார்க்கப் போவாள்.

போன மழைக்காலத்தில் கனமான மெஷின் ஒன்றை மாடிப்படியில் இறக்கும்போது அவளுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கையில் கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது, கரண்டி பிடிக்க முடிந்தது, கிளட்ச் பிடிக்க மட்டும் முடியவில்லை. அந்தக் காலத்து வண்டி, கிளட்ச் கல் மாதிரி இருக்கும். பேக்கரி மேட்டுச் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோது விரல்கள் விட்டுவிட்டன. வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் நின்ற வேனின் முதுகில் முட்டியது.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பெயின்டர். நாலு மாடி உயரத்தில் சாரத்தில் நின்று பாட்டுப் பாடுகிறவர் இதற்குப் பயந்துவிட்டார்.

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க. வண்டிய பேக்கரிக்காரருக்கே குடுத்துடலாம். அவரும் எப்பலேர்ந்து கேட்டுட்டிருக்கார்."

"நான் சொன்னா கேக்கற ஆளா மாப்ள அவ?"

"நான் இங்கதான் இருக்கேன்," என்றது மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "கிளட்ச்ச மாத்தறேன். ஞாயித்துக்கிழமை அதே மேட்டுல, அதே சிக்னல்ல, ரெண்டே விரலால பிடிச்சிட்டு நிக்கறேன். முடியலைன்னா சாவிய நானே அவர் கையில குடுத்துடறேன். போதுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் விசில் அடிக்கவில்லை. விசில் இல்லாமல் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

கிளட்ச்சுக்குள் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கிப் பிடித்தால்தான் எஞ்சினின் வேகம் சக்கரத்துக்குப் போகும். லீவரை இழுத்தால் அந்தப் பிடி விலகும்.

"மெல்லிசு தட்டா போட்டா இன்னும் ஒண்ணு கூட வைக்கலாம்ணா. பிடிக்கற இடம் கூடிடும். அப்புறம் ஸ்பிரிங் இவ்ளோ முரட்டுத்தனமா அழுத்த வேண்டாம் பாரு," என்றாள்.

அப்படியே தட்டுகளையும் மென்மையான ஸ்பிரிங்குகளையும் வரவழைத்துப் போட்டாள். ஆயில் கசியாமலிருக்க மூடியின் ஓரத்தில் வைக்கும் பேக்கிங் தாள் நைந்திருந்தது. புதியதை வெட்டியது நான். சட்டைக் காலருக்கு எடுக்கிற அதே கவனத்தோடு, துளைக்குத் துளை பொருத்தம் பார்த்து வெட்டினேன். இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வேலை, லீவரையும் கிளட்ச்சையும் இணைக்கும் கேபிள். தொளதொளவென்று எது இருந்தாலும் எங்கள் இருவருக்கும் ஆகாது. லீவரில் இம்மியும் ஆட்டமில்லாமல் இழுத்து முறுக்கிவைத்தாள். நானும் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஊசி வண்டியைக் கிளப்பினாள். லீவர் வெண்ணெயாக இழுபட்டது. மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் அலறியது. ஆனால் வண்டி நகரவில்லை.

"வயசாயிடுச்சும்மா அதுக்கு," என்றார் பேக்கரிக்காரர், துக்கம் விசாரிக்கிற குரலில். ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை.

ஊசி வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திச் சாவியை உருவினாள். பிறகு லீவரை ஒரு விரலால் சும்மா தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, மெஷின்ல துணிய அழுத்தற பாதம் முழுசா இறங்கலைன்னா நூல் என்ன ஆகும்?"

"டென்ஷன் தட்டு நூலைப் பிடிக்காது. நூல் அதுபாட்டுக்கு நழுவி..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"இங்கயும் பாதம் இறங்கல! கேபிள இழுத்துக் கட்டிட்டேனா, கைய எடுத்தாலும் லீவர கொஞ்சம் பிடிச்ச மாதிரியேதான் இருக்கு. தட்டு எப்படி முழுசா பிடிக்கும்?"

கருவிப் பெட்டி வந்தது. திருகைத் தளர்த்தி, லீவர் ஒரு சட்டைப் பொத்தான் கனத்துக்குச் சும்மா ஆடும்படி விட்டாள். "தொளதொளன்னு விடவே கை கூசுதுணா," என்றாள்.

மறுபடி ஏறினாள். வண்டி முனகாமல் ஏறியது. உச்சியில் சிவப்பு விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் சிக்னலைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கையைத்தான் பார்த்தோம். இரண்டு விரல்கள் லீவரில், மற்றவை பிடியில். பச்சை வந்தது, போனாள். சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வண்டிக்கு முன்னால் விசில் வந்தது.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை, மூக்கை உறிஞ்சியபடி. "மைதா தூசி," என்றார் என்னிடம்.

"அப்ப இந்த ஹெல்மெட்?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"அத ஏன் வீணாக்கணும்? பின்னாடி உக்காருங்க."

பேக்கரிக்காரர் லேசான ஆள் இல்லை. அவரையும் சுமந்துகொண்டு வண்டி அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறி மறைந்தது. கடையைப் பூட்டாமலே போய்விட்டார். அவர்கள் திரும்பி வரும்வரை நானும் மாப்பிள்ளையும்தான் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தோம்.