சூடு ஆறாத குஞ்சுகள்

மச்சாளின் உள்ளங்கையில் கிடந்த அந்தப் புறாக்குஞ்சு இன்னும் சூடாக இருந்தது. குசினி வாசலில் நின்றபடி அதை என்னிடம் நீட்டினார். கழுத்துக்குக் கீழே தீன்பை நிறைந்து புடைத்திருந்தது. சற்று முன்தான் தாய்ப்புறா ஊட்டியிருக்க வேண்டும். செட்டைகளில் இறகுக் குருத்துகள் நீலமாக முளைத்துக்கொண்டிருந்தன. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தலை மட்டும் அவருடைய விரல்களுக்கிடையே நழுவித் தொங்கியது. "விடியப் பார்க்கேக்க வாயைப் பிளந்துகொண்டு நிண்டது, தங்கச்சி. இப்ப போய்ப் பார்த்தால் இப்பிடிக் கிடக்குது" என்றார். குரலில் கவலையைவிட வியப்புத்தான் அதிகமாக இருந்தது. பயம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து புளியங்குளத்துக்கு அருகே காடு வெட்டிக் குடியேறியவர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பம். கலியாணப் பேச்சின்போது இந்த வேறுபாட்டை எங்கள் சொந்தக்காரர் சிலர் மெல்லிய குரலில் கதைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வாழ வந்தபோது மச்சாள் ஒரு சோடிப் புறாக்களைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, மேலே துணி கட்டிக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பன் வளர்த்த புறாக்கள் அவை. அந்த மனிதர் கலியாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோயிருந்தார். குடிப்பழக்கம் இல்லை, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இல்லை, வயலில் நாள் முழுக்க நிற்கக்கூடிய உடம்பு. ஏன் இப்படி ஆனது என்று எந்த வைத்தியரிடம் கேட்டாலும் காரணம் தெரியவில்லை என்பதே பதிலாக இருந்ததாம். ஊரில் சிலர் கிணற்றுத் தண்ணீரைச் சொன்னார்கள். சிலர் வயலுக்கு அடிக்கும் மருந்தைச் சொன்னார்கள்.

அண்ணா மீன்பெட்டிப் பலகைகளை அடித்துக் கிணற்றடியில் புறாக்களுக்கு ஒரு கூடு செய்துகொடுத்தார். ஒரு சோடி பல சோடியாகியது. அண்ணாவின் மகன் பிறந்து தவழத் தொடங்கிய காலத்தில், அந்தக் கூட்டில் எந்த அறையைப் பார்த்தாலும் முட்டையோ குஞ்சோ இருந்தது. குழந்தை அழுதால் மச்சாள் அவனைத் தூக்கிக்கொண்டு கூட்டடிக்குப் போவார். புறாக்களின் குமுறலைக் கேட்டதும் அழுகை நின்றுவிடும்.

முதல் குஞ்சைத் தென்னைமரத்தின் கீழே புதைத்தோம். அடுத்த நாள் இன்னும் இரண்டு. அதற்கடுத்த நாளும் செத்தன. காலையில் தீன் கேட்டுக் கத்திய குஞ்சு மதியத்துக்குள் செத்துக் கிடக்கும். பெரிய புறாக்களுக்கு ஒன்றும் இல்லை. செத்த குஞ்சின் முன்னால் தாய் நின்று, அலகால் அதன் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபிறகு நான் கூட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். பாம்பு ஏறியிருக்கும் என்று அம்மா சொன்னார். கூட்டின் கால்களைச் சுற்றி அண்ணா தகரம் அடித்தார். அது கோடையில் நெல் செய்யும் சிறுபோகக் காலம், வயல்களில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மேயப்போகும் புறாக்கள் நஞ்சைக் கொண்டுவருகின்றன என்று நினைத்துக் கூட்டை வலையால் மூடினார். வீட்டு நெல்லையே போட்டோம். குஞ்சுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

"நெல்லு எங்கட. வெளியில விடேல்லை. அப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்று மச்சாள் ஒருநாள் கிணற்றடியில் நின்று கேட்டார். அண்ணா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். மூவரும் கிணற்றைப் பார்த்தோம். குழந்தையின் கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான் காய்ச்சப்பட்டது.

அன்று முதல் வீடு மாறிப்போயிற்று. குடிக்கவும் சமைக்கவும் கடையிலிருந்து தண்ணீர்க் கான்கள் வந்தன. குழந்தையைத் தரையில் விடுவது நின்றது. அவன் இடுப்பிலேயே இருந்து சலித்துக் கத்தினான். அவனுடைய நகத்தை, நாக்கை, கண்ணின் வெள்ளையை மச்சாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மாவுக்கு வேறு பயம். "பிள்ளை, பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டில குஞ்சுகள் சாகிறது நல்லதில்லை. எல்லாத்தையும் ஆருக்கும் குடுத்துவிடு" என்றார். மச்சாள் தலைகுனிந்தபடி, "கொஞ்சம் பொறுங்கோ மாமி" என்றார். கொண்டுவந்த புறாக்களோடு சேர்த்துத் தன்னையும் சொல்கிறார்களோ என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

செத்த இரண்டு குஞ்சுகளை ஐஸ்கட்டிகளோடு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு அண்ணாவும் நானும் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனோம். மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். குஞ்சுகளை வெட்டித் திறந்து, நெடுநேரம் பார்த்தார். "குஞ்சுகளை மட்டும் கொல்லுற வைரசும் இருக்கு. நஞ்சாயும் இருக்கலாம். பார்த்த அளவில ஒண்டையும் நிச்சயமாச் சொல்லேலாது" என்றார். தண்ணீரையும் சோதிக்கக் கொடுத்தோம். சில நாள் கழித்து, சோதித்த அளவில் குறை ஏதும் இல்லை என்ற பதில் வந்தது.

வைத்தியர் சொன்னதை அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காரணம் தெரியேல்லை எண்டு சொன்னவாவோ?"

"ஓம்" என்றார் அண்ணா.

மச்சாள் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அவருடைய தகப்பனின் நினைவு வந்தது. தாயிடம் கொஞ்ச நாள் போய் இருங்கோவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "எங்க கொண்டு போறது, தங்கச்சி? அங்க அப்பா. இங்க இது" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு பின்னேரம். அண்ணா வயலில், அம்மா கோயிலில். நான் லீவில் வீட்டில் இருந்தேன். குழந்தை ஏணைத் தொட்டிலில் நித்திரையாக இருந்தான். எழும்பிப் பால் கேட்கும் நேரம் தாண்டிவிட்டது. மச்சாள் ஏணைக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டேன். கை பாதி தூரம் நீண்டு அந்தரத்தில் நின்றது. முகம் வெளிறிப் போயிருந்தது. எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சையே பேசுபவர், அப்போது தாயின் வீட்டுப் பேச்சில் சொன்னார்: "நீங்க பாருங்க. என்னால முடியாது. நீங்க தொட்டுப் பாருங்க."

நான் கிட்டப் போனேன். ஏணைத் துணி அசையவில்லை. அவனுடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. சூடாகத்தான் இருக்கிறான் என்று மச்சாளிடம் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். குஞ்சும் சூடாகத்தானே இருந்தது. அவனுடைய நெஞ்சில் விரல்களை அழுத்தினேன்; என் கையின் துடிப்பா அவனுடைய துடிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அவன் முகத்தைச் சுளித்து, குளிர்ந்த என் விரல்களைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, வீடு அதிர அழுதான்.

மச்சாள் அவனைத் தூக்கவில்லை. ஏணையின் கீழே நிலத்தில் குந்தியிருந்து, அழுகை முழுவதையும் கேட்டார். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா அந்தக் கோலத்தில் எங்களைக் கண்டார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் மச்சாளின் தலையைத் தன் காலோடு அணைத்துக்கொண்டார். புறாக்களைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

சாகக் குஞ்சு எதுவும் மிச்சமில்லை என்றானபோது சாவு நின்றது. கூட்டைப் பிரித்துவிடுவோம் என்று அண்ணா சொன்னார். மச்சாள் மறுத்துவிட்டார். அன்பினால் மறுக்கிறார் என்றே நான் நினைத்தேன். "அதுகளும் இல்லாட்டில் எங்களுக்கு எப்பிடித் தெரியவரும்?" என்றார். புறாக்களுக்கு அவர் அதே கிணற்றுத் தண்ணீரையே வைத்தார். மழை தொடங்கிய பிறகு ஒரு சோடி முட்டையிட்டது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. ஒவ்வொரு மதியமும் மச்சாள் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார். நாங்கள் கீழே நின்று அவருடைய முகத்தைப் பார்ப்போம். அந்தக் குஞ்சுகள் இறகு முளைத்து, வலைக்குள் பறந்து, பிறகு வெளியே பறக்கவும் விடப்பட்டன. அதன்பிறகு பொரித்தவையும் பிழைத்தன. ஏன் செத்தன என்பதைப் போலவே ஏன் பிழைத்தன என்பதும் எங்களுக்குத் தெரியாது. தண்ணீர்க் கான் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

அண்ணாவின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறேன். போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். இரத்தம் சோதித்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். அவள் அசையாமல் கிடந்த கட்டிலை விட்டு நகர முடியாமல் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். ஒன்றுமில்லை, மாறிவிடும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம் பஸ் எந்த நேரம் என்பதுதான்.

மத்தியானம் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலடிக்குப் போனார். மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து என் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார்.

"பயமாத்தான் இருக்கும், தங்கச்சி" என்றார். "ரெண்டு பேராய் இருப்பம்."