பட்டத்துக்கு முந்தி வந்த பேனர்

"...அதான் வெளியே உங்க ஊர்க்காரங்க ஏற்கெனவே பட்டத்தைக் கொடுத்து முடிச்சிட்டாங்களே. அப்புறம் நான் எதுக்கு இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தேன்?"

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா மைக்கில் இப்படித்தான் ஆரம்பித்தார். போன வருடம் ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம், திருநெல்வேலியில் என் மனைவி ஆய்வு செய்த கல்லூரியில் நடந்தது இது. நவீன ஐரோப்பியத் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்கு அவள் எழுதிய ஆய்வுக்கு அன்றுதான் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். அந்த அம்மா திருப்திப்பட்டால்தான் பட்டம்.

நான் பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது. சேரன்மகாதேவியில் ஏறுகிறவர் ஒரு சொலவடை சொன்னால், அம்பாசமுத்திரத்தில் அவர் இறங்குவதற்குள் எனக்கு அது மனப்பாடம். சாப்பிடும்போது நான் அவளுக்குச் சொலவடை சொல்வேன், அவள் எனக்கு ஐரோப்பாக்காரர்களைச் சொல்வாள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே ஒருத்தர் அதையே பிடித்துக்கொண்டு, தனக்குக் கை கால் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகப்பட்டுப் பார்த்தாராம். அவர் வீட்டு ரசத்தில் உப்பு இருந்ததை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். அதையும் ஆய்வில் எழுதலாம் என்றாள்.

சொந்தக்காரர்கள் மட்டும், இதைப் படித்து என்ன செய்ய, பி.எட். முடித்திருந்தால் வாத்தியார் வேலையாவது கிடைத்திருக்கும் என்று கல்யாண வீடு, சடங்கு வீடு என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பேனர் வைத்தது எங்கள் பஸ் கூட்டம். கல்லூரி வாசலுக்கு எதிரே, பின்னால் ஒரு சிங்கத்தோடு, 'முனைவர் பட்டம் பெற்ற எங்கள் மதினியாரே, நெல்லையின் தத்துவமே!' என்று என் மனைவியின் படம். கீழே டிரைவர், கண்டக்டர், கிளீனர் அத்தனை பேரின் பெயரும் சின்னப் படமும். காலையில்தான் நான் அதைப் பார்த்தேன். தேர்வே முடியவில்லை, அவுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். எங்கள் டிரைவர் அசையவில்லை.

"முடிஞ்ச பொறவு எவனும் வைப்பான் வே. முந்தியே வைக்கதுலதான் நாம யாருன்னு தெரியும்."

அதற்குள் தேர்வாளரின் கார் வந்துவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கி, அதை நன்றாகவே பார்த்தார்.

அதனால் அந்தக் கேள்வி வந்ததும், ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளரின் முகம் செத்துப்போனது. காக்கிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் பஸ் கூட்டத்தில், என் பக்கத்திலிருந்த டிரைவர் குனிந்துகொண்டார். என் மனைவி மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க கொடுத்தது பட்டம் இல்ல மேடம், நம்பிக்கை. என் ஆய்வே அதப் பத்திதான். காலையில பஸ்ஸுலதான் வந்தேன். டிரைவர் லைசென்ஸ வாங்கிப் பாத்துட்டா ஏறுனேன்? முதல்ல நம்பி ஏறுதோம், சந்தேகம் அதுக்குப் பொறவுதான் வருது. அவங்க ஏறிட்டாங்க. சந்தேகப்படுதது உங்க வேலை. நீங்க கேளுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டு செருகியிருந்த ஆய்வேட்டைத் திறந்தார். கேட்டார், கேட்டார், அப்படிக் கேட்டார். பெரும்பாலும் இங்கிலீஷ். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் ஒன்று கேட்டார். நம்பி ஏறின பஸ் கவிழ்ந்தால், நம்பினவன் செய்தது தப்பா?

என் மனைவி குறிப்புத் தாள்களைப் புரட்டப் போய், அப்படியே மூடி வைத்தாள். டிரைவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"அதுக்கு என் ஆய்வுல பதில் இல்ல மேடம். இருக்குன்னு சொன்னா பொய்யாயிரும்."

போச்சு என்றுதான் நினைத்தேன். ஆய்வேட்டை மூடிவிட்டு அந்த அம்மா எழுந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் மற்ற பதில்களையெல்லாம் முழுசாக நம்ப முடிந்தது என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். காக்கிச் சட்டைகள் தட்டிய தட்டில் கூரை பெயராதது ஆச்சரியம்.

இன்றைக்குச் சொந்தக்காரர்களே அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் நம்பிக்கைக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அன்று வாசலில்தான். சால்வை, டீயெல்லாம் முடிந்து கிளம்பும்போது, பேனர் வைத்தவர்கள் யார் என்று கேட்டார் அந்த அம்மா. எங்கள் ஆட்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒதுங்கினார்கள். அவர் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். காற்றில் மடங்கிப்போன ஓரத்தைக் கையால் இழுத்துப் பிடித்து, அதில் மறைந்திருந்த கிளீனரின் பெயரையும் வாசித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.