இருநிறம் மதி

முகத்துக்கு வெள்ளையடிப்பது என் தொழிலாக இருந்தது. சுவருக்கு அடிப்பவர்கள் ஏணியில் ஏற வேண்டும்; நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடித்தேன். எழுபதுகளில் மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு அச்சகம். அச்சேறப் போகும் போட்டோக்களைத் திருத்துவது என் பொறுப்பு. எங்கள் காகிதம் மையைக் குடிக்கும். போட்டோவில் மாநிறமாக இருப்பவர் அச்சில் கரிமூட்டை தூக்கியவராக வருவார். அதனால் படத்தை உலோகத் தகட்டில் பிளாக் எடுக்கக் கோயமுத்தூருக்கு அனுப்புமுன், மெல்லிய பிரஷ்ஷால் முகத்தில் கொஞ்சம் வெள்ளை வைக்க வேண்டும். இந்தக் ‘கொஞ்ச’த்துக்கு அளவு கிடையாது. எனக்கோ தாராளமான கை. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற ஒருவரின் நோட்டீஸைப் பார்த்து அவர் வீட்டு நாயே குரைத்தது என்றார்கள். நாய்க்கு நோட்டீஸ் படிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

ஒருநாள் காலை ஒரு விவசாயி தன் மகளோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் முகப்பில் மாப்பிள்ளை, பெண் இருவர் படமும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. மாப்பிள்ளை கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலை. சொந்தக்காரர்கள் பொள்ளாச்சி வரைக்கும்.

அப்பா வாயைத் திறக்குமுன் மகள் கேட்டாள். “ஏனுங்க, மூஞ்சிக்கு வெள்ளையடிக்கறவரு நீங்கதானுங்களா?”

என் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. ஆமாம் என்றேன்.

“எனக்கு அடிச்சுப் போடாதீங்க. போன வருசம் ஒரு எடத்துக்கு ஸ்டுடியோப் படம் அனுப்புனோமுங்க. பாலு மாதிரி வெளுத்துட்டானுங்க அந்தாளு. அவங்க வந்தாங்க, நாந்தேன் காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தம்மா டம்ளர வாங்கிட்டு, ‘சரி கண்ணு, பொண்ண வரச்சொல்லு’ன்னாங்க.”

அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் கைகூடவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இந்தப் பத்திரிகை எரநூறு ஊட்டுக்குப் போகுதுங்க. கல்யாணத்தன்னைக்கு ஒருத்தரும் என்னையப் பாத்து அப்படிக் கேக்கப்படாது” என்றாள். பிரஷ்ஷைத் தொடவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு போட்டோவைத் திருப்பினேன். பின்னால் மலையாளத்தில் எழுதியிருந்தாள். பேச்சு கொங்குத் தமிழ், எழுத்து மலையாளம். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பாதிப் பேர் அப்படித்தான். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘இருநிறம் மதி.’ மதி என்றால் போதும். பந்தியில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மலையாளம் அது. இருநிறத்துக்கு அகராதி வேண்டுமா? இரண்டு நிறம். அசந்துபோனேன். கருப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மனிதத் தோலைக் கொண்டுவர முடியாது. இரண்டு மை வேண்டும். ஒரு பெண்பிள்ளைக்கு அச்சுத்தொழிலில் இத்தனை ஞானம்! முதலாளியிடம் பெருமையாகச் சொல்லி, இரண்டு படத்துக்கும் மைக்கு ஒன்றாக இரண்டிரண்டு பிளாக் எடுக்க வைத்தேன்.

பிளாக் வந்த அன்று மிஷினில் கோயில் நோட்டீஸுக்குப் போட்ட சிவப்பு இருந்தது. அதன் மேல் கருப்பை ஏற்றிப் பெண்ணின் படத்தை ஒரு தாள் எடுத்தோம். மிஷின்மேன் உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, அம்மிணிக்கு அம்மை போட்டாப்பல இருக்குதுங்க.”

சிவப்பில் மஞ்சளைச் சேர்த்தோம், துளி கருப்பைச் சேர்த்தோம். சேர்த்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? ஒத்துப்பார்க்க ஒரு மாநிறம் வேண்டும். நான் முழங்கையை நீட்டினேன்.

“அத எதுக்குங்க நீட்டறீங்க? அது கருப்புங்க.”

“மாநிறமப்பா.”

“மை ஒட்டியிருக்குமுங்க. கழுவிட்டு வாங்க.”

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி வந்து நீட்டினேன். அவர் ஒருமுறை பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். தன் கையை நீட்டினார். அதுதான் மாநிறம். அதுவரை எத்தனை விண்ணப்பங்களில் என் அடையாளத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்தேனோ தெரியாது. அவர் கையைப் பார்த்துக் கலந்த மையில் இரண்டு படங்களையும் அடித்தோம்.

மறுநாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். தாளை விரித்து, “நீங்க கேட்டபடியே ரெண்டு கலர்” என்றேன்.

“நான் எங்கீங்க ரெண்டு கலரு கேட்டேன்?”

“எழுதியிருந்தீங்களே, இருநிறம்னு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “இருநிறம்னா மாநிறமுங்க. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவால. மலையாளத்துல அப்படித்தானுங்க சொல்லுவாங்க.”

அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். “பலநிறம்னு எழுதாம உட்டயே கண்ணு, நல்லவேளை.”

நான் மேஜையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் தன் புறங்கையைத் தாளின் மேல், படத்தின் கன்னத்தை ஒட்டினாற்போல வைத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி வைத்தாள். மிஷின்மேன் மிஷினை நிறுத்திவிட்டு நின்றார்.

“நாந்தானுங்க இது” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் விரல் பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தது.

“இது ஆருங்க?”

“உம்பட மாப்பிள்ளைதான் கண்ணு” என்றார் அப்பா, அவ்வளவு உறுதியில்லாத குரலில்.

வாக்குக் கொடுத்தது அவள் முகத்துக்கு மட்டும். மாப்பிள்ளையின் போட்டோவில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வழக்கம்போல என் தாராளத்தைக் காட்டியிருந்தேன். இரண்டு மை சேர்ந்தும் அந்த வெள்ளையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

“அவரு என்னையக் காட்டியும் கருப்புங்க” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது குறையல்ல.

பிளாக் மறுபடி கோயமுத்தூர் போக வேண்டும். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்துவந்து, ஈரப் பஞ்சால் துடைத்தேன். வெள்ளை கரைந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு தாடை, பிறகு கன்னத்தில் ஒரு மச்சம். அதையும் நான்தான் அழித்திருந்தேன்.

அவள் மேஜைமேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று பஞ்சை வைத்தேன்.

“காதை உட்டுட்டீங்க” என்றாள்.