வால்வெள்ளியின் முகத்தில் விழுந்த துணி

மேரி அக்கா போன் எடுத்து, "பிள்ளை, அண்ணை போயிட்டார். காலமை நெஞ்சு நோகுதெண்டவர், அவ்வளவுதான்" என்றபோது நான் நம்பவில்லை. "அக்கா, போனை அவரிட்டைக் குடுங்கோ" என்றேன். அவர் கணவருக்காக அழுதுகொண்டிருந்தார்; நானோ பின்னால் யாராவது சிரிப்பை அடக்குகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சேவியர் அண்ணையைத் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும். "அடுத்த இதழிலை வால்வெள்ளி சாகிறான், பிள்ளை" என்று ஒருநாள் போனில் சொல்லி, நான் விம்மத் தொடங்கியதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த மனுசன் அவர்.

வால்வெள்ளி, எங்கள் சித்திரக்கதை இதழின் பறக்கும் வீரன். வெளிநாட்டுக் கதை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்து மாடியறையில் இருந்து அண்ணை அதைத் தமிழாக்குவார். பேச்சுக் குமிழிகளுக்குள் நான் கையால் எழுதுவேன். மூன்று சொல்லுக்கு வரைந்த குமிழிக்கு அவர் பன்னிரண்டு சொல் தருவார்.

"அண்ணை, அடங்காது. வெட்டுங்கோ."

"வெட்டேலாது. வீரன் வசனத்தை முடிச்சிட்டுத்தான் சாகலாம்."

பிறகு எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அந்த வசனத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டுவார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இராது. நான் எழுத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி எழுதி முடிப்பேன். பதினோரு வருடம் இப்படித்தான் போனது. என் கண்ணுக்குக் கண்ணாடியும் வந்தது.

என் அப்பா இறந்த வருடம், இடிந்த பாலத்தில் தொங்கும் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே, நான் இன்னும் விழவில்லை" என்று வால்வெள்ளி சொல்லும் பக்கம் வந்தது. அந்தக் குமிழியை இன்னொரு தாளில் எழுதிக் குசினியில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். வேறு எதையும் பிடித்துக்கொள்ள எனக்கு அப்போது இருக்கவில்லை. அண்ணையிடம் அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

இந்த வருடம் வால்வெள்ளி படமாக வந்தது. சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு வெள்ளவத்தைக்கு இருவரும் போனோம். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! நிலா அட்டையில் செய்திருந்தது. வில்லனுக்குப் பச்சைத் தலைமயிர். பறக்கும்போது முதுகுக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. பாலத்துக் காட்சியும் வந்தது. வீரன் சிறுமியின் கையைப் பிடித்து வாயைத் திறக்க, காற்றடித்து அவன் முதுகுத் துணி அவன் முகத்திலேயே விழுந்து மூடிக்கொண்டது. துணிக்குள் இருந்தே முழு வசனத்தையும் பேசி முடித்தான். அண்ணை முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வழியச் சிரித்தார்.

இவ்வளவு காலமும் நெஞ்சில் கைவைத்து வாசித்தது எல்லாம் நடிப்பா? நான் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்து எழுத, உள்ளுக்குள் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாரா? வெளியே வந்து, தேத்தண்ணிக் கடையில் "பிளேன்டீ தெகக்" என்று இரண்டுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்னை வைச்சுப் பகிடி பண்ணினனீங்களோ?"

"விசரே உனக்கு? பகிடி எண்டால் மரியாதை இல்லையெண்டு ஆர் சொன்னது? எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, பிள்ளை. இன்னொருக்காப் பார்ப்பம்."

பிடித்திருக்கிறதாம்! அந்த 'நல்லா' என்ற சொல்லை நான் வீடு வரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அடுத்த இரண்டு கிழமையும் வேலைக் கதை தவிர அவருடன் ஒரு சொல் கதைக்கவில்லை. "என்ன, கோவமோ?" என்று ஒருமுறை கேட்டார். "எனக்கென்ன கோவம்" என்றேன்.

மூன்றாம் கிழமை மேரி அக்காவின் போன் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர்களது வீட்டுக்குப் போனேன். மேரி அக்கா டெங்குக் காய்ச்சலால் மெலிந்திருந்தார்; ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"ஆஸ்பத்திரியாலை வந்து நான் சாப்பிடாமல் கிடக்க, இந்த மனுசன் என்ன செய்தவர் தெரியுமோ? கட்டிலிலை ஏறி நிண்டு, போர்வையை முகத்திலை போட்டுக்கொண்டு, 'பயப்படாதே, நான் இன்னும் விழவில்லை' எண்டு என்ரை கையைப் பிடிச்சவர். அறுபத்தெட்டு வயசிலை! எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அண்டைக்குத்தான் வாய் திறந்து சாப்பிட்டனான்."

அப்போதும் என் சந்தேகம் விடவில்லை. "அவரும் சிரிச்சவரோ, அக்கா?"

"சிரிச்சவர். போர்வையை எடுக்கக் கண் முழுக்கத் தண்ணி. ஏன் பிள்ளை, ரெண்டிலை ஒண்டுதான் வரவேணுமோ?"

பதினோரு வருடம் பக்கத்தில் இருந்தும், அவரிடம் இரண்டும் ஒன்றாய் இருந்ததை நான் காணவில்லை. கண்டபோது குற்றம் என்று நினைத்தேன். இரண்டு கிழமை முகம் கொடுக்காமல் இருந்ததற்கு இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

படம் தியேட்டரை விட்டுப் போகுமுன் தனியே போய்ப் பார்த்தேன். பத்துப் பேர்கூட இல்லை. துணி விழுந்த இடத்தில் சிரித்தேன்; வெட்கமில்லாமல், சத்தமாக, மூக்கு ஒழுக. சேவியர் அண்ணையிடமிருந்து எனக்கு வந்தது அந்தச் சிரிப்புத்தான். பக்கத்து வரிசைப் பெண் திரும்பி, நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று சந்தேகத்தோடு பார்த்தாள்.